மலை வண்டிக்கு எல்.இ.டி. மாட்டிய கதை

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் போன் ஓய்ந்தபாடில்லை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஷெட்டுகளில் வேலை செய்கிற எலக்ட்ரீஷியன்கள் கூப்பிடுகிறார்கள். "அண்ணே, மொதலாளி எல்லா வண்டிக்கும் எல்.இ.டி. மாட்டச் சொல்றாரு. மாட்டலாமா, வேணாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்து ஏன் என்பார்கள். ஏன் என்று சொல்லப் போனால் பச்சையப்பன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனி எவனாவது கூப்பிட்டால் இதைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம்.

என் பெயர் சவரிமுத்து. சங்கராபுரம் பக்கம் ஊர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். அங்கே சொல்லிக் கொடுத்தது வீட்டு வயரிங். வண்டி வயரிங்கை வண்டிகளேதான் சொல்லிக் கொடுத்தன. வீட்டு கரண்டு தப்பு செய்தால் ஷாக் அடிக்கும், பஸ் கரண்டு தப்பு செய்தால் புகை வரும். இந்த வித்தியாசம் புரிந்தபோது காதர் பாயின் ஷெட்டில் நான் நிரந்தரமாகியிருந்தேன்.

பாய்க்கு மூன்று பஸ். ஒன்று சங்கராபுரம் போகும், ஒன்று திருக்கோவிலூர் போகும், மூன்றாவது கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போகும். அதை மலை வண்டி என்போம். பாய் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டுக்குட்டி ஷெட்டுக்குள் நுழைந்தால் "வெளிய போங்க" என்பார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பானெட்டைத் தட்டி, "இன்னாங்க, ஒடம்புக்கு?" என்று விசாரிப்பார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, 'ங்க' ஏறும். ஒரே பேச்சில் இரண்டு 'ங்க' வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூன்று வந்தால் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

பச்சையப்பன் மலை வண்டி டிரைவர். நானும் அவனும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவனுக்கு அந்த மலைப் பாதை அவன் வீட்டுச் சமையல்கட்டு மாதிரி.

இப்போது ஹெட்லைட் அளவு வைக்கும் முறையைச் சொல்ல வேண்டும். கவனமாகக் கேளுங்கள், இன்றைக்குப் பாதிப் பேருக்கு இது தெரியாது. பல்பை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

எங்கள் ஷெட்டுக்கு எதிரில் ஒரு ரைஸ் மில்லின் காம்பவுண்டுச் சுவர். அதில் ஆள் இடுப்பு உயரத்தில், பெரிய பெரிய கருப்பு எழுத்தில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருக்கும். வெளிச்சம் அளக்க எங்களிடம் மெஷின் கிடையாது. அந்தச் சுவர்தான் மெஷின். ஷெட் வாசலில் ஒரு கருங்கல் பாதி புதைந்திருக்கும், முன் சக்கரம் அதில் முட்டும்படி வண்டியை நிறுத்த வேண்டும். டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும். காலி வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும், சனம் ஏறினால் நிமிரும். அதனால் மில்லிலிருந்து நெல் மூட்டை கடன் வாங்கிப் பின்சீட்டில் ஏற்றுவோம். பிறகு ஒரு லைட்டைச் சாக்கால் மூடிவிட்டு, இன்னொன்றை டிம்மில் போட்டு, பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருக வேண்டும். திருகுகிறவன் லைட்டோடு முகத்தை ஒட்டிக் குனிந்திருப்பதால் அவனுக்குச் சுவர் தெரியாது. டிரைவர் சீட்டில் இருப்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இடது லைட் 'விளம்பரம்' என்பதில் 'ள'வுக்குக் கீழே, வலது லைட் 'செய்யாதீர்' என்பதில் 'தீ'க்குக் கீழே விழ வேண்டும். எழுத்தைத் தொடவே கூடாது. "எழுத்த தொட்டா எதிர்ல வர்றவங்க கண்ண தொட்ட மாதிரிங்க" என்பார் பாய்.

அந்த மில் ஒருநாள் கைமாறியது. புதிதாக வாங்கியவர் பொங்கலுக்கு வெள்ளையடித்து, அதே இடத்தில் அதே அளவில் புதிதாக எழுதினார். விளம்பரத்தால் அவருக்குத் தொல்லை இல்லை போலிருக்கிறது, தொல்லை வேறு வகையில் இருந்தது. 'சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிவிட்டார்.

பாய்க்கு இது பெரிய சங்கடமாகப் போனது. காலையில் தொழுதுவிட்டு வருகிற மனிதர், ஷெட்டில் நின்று "சிறுநீருக்குக் கீழே வெளிச்சம் விழுதுங்களா?" என்று எப்படிக் கேட்பார்? அப்போது ஷெட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, "இனிமே யாரும் அந்த வார்த்தைய வாய்விட்டுப் படிக்க வேணாங்க. மொத வார்த்த, ரெண்டாவது வார்த்தனு சொன்னா போதும்" என்றார். நாங்களும் பழகிக்கொண்டோம். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் யாருமே பேசவில்லை.

இதற்குப் பிறகுதான் பச்சையப்பனின் புகார் ஆரம்பித்தது. "இன்னாடா சவரி, லைட்டு இப்டி எரியுது? பீடி நெருப்பு கூட இத விட ஜாஸ்தி வெளிச்சம் குடுக்கும்." வயரைச் சோதித்தேன், சரியாக இருந்தது. எர்த் பார்த்தேன், சரியாக இருந்தது. பெரிய பல்பு போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "கம்மிதான்டா" என்றான். அப்போது ஊரெல்லாம் எல்.இ.டி. பேச்சு. பாயிடம் போய், "எல்.இ.டி. போட்டாதான் நா மலை ஏறுவேன்" என்று நின்றான். அவன் அதுவரை வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை என்பதால் பாய் மறுக்கவில்லை. மலை வண்டிக்கு மட்டும் மாட்டினால் மற்ற வண்டிகள் வருத்தப்படும் என்று மூன்றுக்கும் வாங்கிவிட்டார்.

மாட்டும்போதே எனக்கு அது பிடிக்கவில்லை. எல்.இ.டி. பல்பின் பின்புறம் அலுமினியத்தில் ஒரு கட்டை, அதற்குள் ஒரு குட்டி ஃபேன். மூடுகிற ரப்பர் மூடாது, வெட்டித்தான் விட வேண்டும். உள்ளே சிப் இரண்டும் இடது வலதாகப் பார்த்து நிற்க வேண்டும், மேலும் கீழுமாக நின்றால் வெளிச்சம் கண்ட இடத்துக்கும் சிதறும். ஒழுங்காகத்தான் மாட்டினேன். பச்சையப்பன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பரவால்ல. ஆனா கம்மி." அதைவிடப் பெரியது வாங்கினோம். "கொஞ்சம் மேல தூக்கி வையிடா" என்றான். தூக்கினேன். வெளிச்சம் மில் சுவரைத் தாண்டி, உள்ளே இருந்த வேப்ப மரத்தில் அடைந்திருந்த காக்காய்களை எழுப்பியது.

"எதிர்ல வர்றவன் லைட்டுதான்டா கோளாறு" என்றான் இன்னொரு நாள். "ஒவ்வொரு லைட்ட சுத்தியும் உங்க மாதா படத்துல இருக்குமே, அந்த மாதிரி வட்டம் தெரியுது. எல்லாப் பயலும் எல்.இ.டி. போட்டுக்கினு வரானுங்க." அவன் சொன்னதை நான் முழுசாக நம்பினேன். ஒளிவட்டத்தோடு லாரி வருகிறது என்று ஒருவன் சொல்கிறான், எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை பாருங்கள்.

புகார்கள் குவிந்தன. எதிர்த் திசையில் ஓடும் வேறொரு பஸ்ஸின் டிரைவர், இருட்டிய பிறகு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். கேட்டால், "மலை வண்டி தாண்டுற வரைக்கும் போட்டுக்குவேன்" என்றார். பாய் சமாதானத்துக்கு லைட்டின் நடுவில் கருப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார். பயணிகள் அதைத் திருஷ்டிப் பொட்டு என்று நினைத்து, பச்சையப்பனிடம், "ஒங்க வண்டி மேல கண்ணு பட்டுடுச்சா?" என்று விசாரித்தார்கள். அவன் மறுநாளே சுரண்டிப் போட்டுவிட்டான். மலையிலிருந்து ஒரு பெரியவர் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் இறங்கி வந்து, பாய் முன்னால் நின்றார். கடைசி டிரிப் ஊருக்குள் திரும்பும்போதெல்லாம் விடிந்துவிட்டது என்று அது கூவுகிறதாம். "இப்ப நெஜமா விடிஞ்சா கூவ மாட்டேங்குது. நீங்களே கேளுங்க" என்று சேவலை மேசைமேல் வைத்தார். பாய் சேவலைப் பார்த்து, "மன்னிச்சிக்கோங்க" என்றார்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை வந்தால் இன்னொரு கூத்து. கம்பெனியில் வந்த பல்பு இல்லையென்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் பழைய மஞ்சள் பல்பு ஒரு ஜோடியைப் பஞ்சில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். கண்ணாடியில் விரல் பட்டால் எண்ணெய் ஒட்டி வெடித்துவிடும் என்பதால் குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்குவேன். எஃப்.சி.க்கு முதல்நாள் எல்.இ.டி.யைக் கழற்றி இதை மாட்டுவது, வந்ததும் திரும்ப மாற்றுவது. விஷயம் பரவி, மற்ற ஷெட்டுக்காரர்களும் இரவல் வாங்க ஆரம்பித்தார்கள். ஒரே ஜோடி பல்பு எத்தனையோ வண்டிகளைப் பாஸ் பண்ணிக் கொடுத்தது. ஒருமுறை இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இவர் போன வாரம் ஒரு லாரியில வந்தாரே, நல்லா இருக்காரா?" என்று கேட்டார்.

சேவல் வந்து போன மறுவாரம், ஒரு மார்கழி மாலை. பாய் மஃரிப் தொழுகைக்குக் கிளம்பும்போது எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நான் வர்றதுக்குள்ள வெளிச்சம் எழுத்துக்குக் கீழ வந்துடணுங்க. இல்லனா வேற டிரைவருக்கு வண்டிய குடுத்துடுவேங்க." இரண்டு 'ங்க'. மலைக்குக் கடைசி டிரிப்புக்கு சனம் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்தது. பச்சையப்பன் அவசரமாக வண்டியைக் கல்லில் முட்டி நிறுத்தினான். இடது லைட்டைச் சாக்கால் மூடக்கூட நிற்காமல், நான் வலது லைட்டில் குனிந்து ஸ்க்ரூவைத் திருகினேன்.

"எங்கடா விழுது?"

"ரெண்டாவது வார்த்தைக்குக் கீழ."

"ரெண்டாவது வார்த்தையில எங்கடா? எழுத்த சொல்லு."

"'யா'வுக்கும் 'தீ'க்கும் நடுவுல."

நான் திருகுவதை நிறுத்தினேன். அந்தச் சுவரில் 'யா' என்ற எழுத்தே கிடையாது.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு லைட்டும் சேர்ந்து சுவரைக் கல்யாண மண்டபம் போல ஆக்கியிருந்தன. அதன் நட்டநடுவில், எழுதியிருப்பதை மீறி, ஒரு ஆள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பாதியில் நிறுத்தவும் முடியாமல், வெளிச்சத்தில் நிற்கவும் முடியாமல் தலையை மட்டும் திருப்பி, "யோவ்! லைட்ட அணைங்கய்யா!" என்று கத்தினார்.

"யார்றா அது கத்துறது? எங்கருந்து?" என்றான் பச்சையப்பன்.

"பச்ச, சுவத்துல இருக்கிறத கொஞ்சம் படி" என்றேன்.

"விளம்பரம் செய்யாதீர்" என்று கணீரென்று படித்தான். ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் ஜோக்கடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஏறி உள்ளே போய், லைட்டை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எவ்ளோ நாளாடா?"

அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தான். "பகல்ல ஏதோ மங்கலா தெரியுதுடா. சாயந்தரம்தான் பால் ஊத்துன மாதிரி ஆயிடுது. வளைவெல்லாம் மனப்பாடம்தானே, ஓட்டிக்கினுதான் இருக்கேன். மரவள்ளி காயப்போட்ட வாசன வந்தா ஆரன் அடிச்சி லெஃப்டு ஒடிப்பேன்."

"மூக்காலயாடா வண்டி ஓட்டுற?"

"பாய்கிட்ட சொல்லிடாத. எறக்கிடுவாரு. எறங்கினா வூட்ல இன்னா பண்ணுவேன்? ஆபரேஷன்னா கண்ண வெளிய எடுத்து வச்சி தொடப்பாங்களாமே, எனக்கு பயமா இருக்குதுடா."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, அவனை அறையலாம் போலவும் இருந்தது. ஒரு வண்டி நிறைய சனம். பிள்ளைத்தாய்ச்சிகள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், மூட்டையோடு சந்தையிலிருந்து போகிறவர்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் இவன் மரவள்ளி வாசனை பிடித்துக்கொண்டு போகிறான். காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. அனுப்பவும் முடியாது. இறங்கிப் போய் இரண்டு எல்.இ.டி.யையும் பிடுங்கி, வேஸ்ட் துணியில் சுற்றி, பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். லைட் இல்லாமல் எவனும் மலை ஏற மாட்டான்.

பாய் வந்தார். "இன்னாங்க, வெளிச்சத்தையே காணோம்?"

"ரெண்டும் பியூஸ் போயிடுச்சுங்க பாய்."

"ரெண்டுமா? ஒரே நேரத்திலயா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்.இ.டி. முன்பக்கம் சூடாகாது, எல்லாச் சூடும் பின்னால் இருக்கும் அலுமினியக் கட்டையில்தான். ஃபேன் நின்றதும் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. அது என் தொடைக்கு வந்தது. நான் ஒரு காலைத் தூக்கினேன். பிறகு இன்னொரு காலைத் தூக்கினேன். பாய் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவரிமுத்து, ஒங்க பாக்கெட்ல இன்னாங்க?"

"சாப்பாடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பச்சையப்பனுக்கு நான் குதிப்பது தெரிந்திருக்காது. ஆனால் என் குரல் மாறியது கேட்டிருக்கும். படியைக் காலால் தேடி இறங்கி வந்தான். "அவன விட்ருங்க பாய். பல்பு நல்லாதான் இருக்குது. எனக்குத்தான் கண்ணு தெரியல."

பாய் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "மொதல்லயே சொல்லி இருக்கக் கூடாதுங்களா? சொன்னா நான் இன்னாங்க பண்ணிடப் போறேன், பச்சையப்பங்க?" நான் எண்ணினேன். மூன்று. பச்சையப்பனும் எண்ணியிருப்பான், டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பினான்.

"எங்க போறீங்க? ஏறுங்க வண்டியில" என்றார் பாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே டிரைவர் சீட்டில் ஏறினார். ஒரு காலத்தில் மலை வண்டி ஓட்டியவர்தான், ஆனால் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வருடங்கள் ஆகியிருந்தன.

பாக்கெட்டில் இருந்த எல்.இ.டி.களைத் திரும்ப மாட்டிவிட்டு, பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் பனி இறங்கிவிட்டது. எல்.இ.டி.யின் வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு அப்படியே திரும்பி வந்தது. சாலைக்குப் பதிலாக எதிரில் வெள்ளைச் சுவர் நின்றது. பாய் வண்டியை ஓரங்கட்டினார். நான் இறங்கி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து, எஃப்.சி. பல்புகளை மாட்டினேன். மஞ்சள் வெளிச்சம் பனிக்கு அடியில் புகுந்து போய்ச் சாலையைக் காட்டியது. என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டு வழி சொன்னான். "அடுத்தது லெஃப்டு பாய். ஒடிச்சதும் ஒரு பள்ளம் வரும், ரெண்டாவது கியர்ல போங்க." பாய், "சரிங்க" என்று ஓட்டினார். எதிரில் மாடு வந்தால், "ஓரமா போங்க" என்றார். வெள்ளிமலை போய்ச் சேர நேரமாகிவிட்டது. ஆனால் ஒரு வளைவைக்கூட அவன் தப்பாகச் சொல்லவில்லை. கடைசி ஆள் இறங்கிய பிறகு பாய் ஸ்டியரிங்கிலேயே தலையை வைத்துக்கொண்டார். "இத்தன நாள் இந்த வண்டியில போனவங்கள அல்லாதான் காப்பாத்தி இருக்கான்" என்றார். அன்றைக்குத்தான் அவர் ஒருவரை ஒருமையில் சொல்லிக் கேட்டேன்.

அடுத்த கண் முகாமுக்குப் பாயே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். புரை நன்றாக முற்றியிருந்ததாம். கண்ணை யாரும் வெளியே எடுக்கவில்லை. முதலில் ஒரு கண், கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. அதுவரை வேறு டிரைவர் மலை வண்டியை ஓட்டினார்; எஃப்.சி. பல்புகளை இன்னொரு ஷெட்டுக்காரர் இரவல் கேட்டதால் எல்.இ.டி.யையே திரும்ப மாட்டி, எழுத்துக்குக் கீழே இறக்கி வைத்திருந்தேன். கூலிங் கிளாஸ் டிரைவருக்கு விஷயம் தெரிந்து, அந்தக் கண்ணாடியை அவனுக்கே கொடுத்தனுப்பினார்.

டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு பச்சையப்பன் ஷெட்டுக்கு வந்தான். மங்கும் நேரம். வண்டியைக் கல்லில் முட்டி நிறுத்தி லைட்டைப் போட்டான். போட்ட வேகத்தில் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"இன்னாடா இது, வெல்டிங் அடிக்கிற மாதிரி நீலமா! எந்தக் கூமுட்டடா இத மாட்டினது?"

"நீ கேட்டுதான்டா மாட்டினேன்."

"நான் கேட்டா, நீ மாட்டிடுவியா? கழட்டுடா மொதல்ல!" பிறகு சுவரைப் பார்த்தான். நிறுத்தி நிதானமாக, பாய் இருப்பதையும் மறந்து, "சிறுநீர் கழிக்காதீர்" என்று உரக்கப் படித்தான். "அடப் பாவிங்களா, எப்ப எழுதினாங்க இத?" பாய் தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

மூன்று வண்டிக்கும் மஞ்சள் பல்பையே திரும்ப மாட்டினேன். போன் பண்ணுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். எல்.இ.டி. வேண்டும் என்று எந்த டிரைவராவது அடம் பிடித்தால், எதிர்ச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனைப் படிக்கச் சொல்லுங்கள். சரியாகப் படித்தால் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பச்சையப்பன் என் எதிரில் வந்து நின்று என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சவரி, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நல்லாதான் இருக்கேன். ஏன்டா?"

"தல மொத்தமும் வெளுத்துப் போச்சே. கன்னமெல்லாம் உள்ள போயிடுச்சி. எப்பலருந்துடா இப்டி?"

"ரொம்ப நாளாடா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபரேஷன் கண், காற்று பட்டாலே வரும் என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். எனக்கும் வந்தது. எனக்கு ஆபரேஷன் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பாயின் முன்னால் போய் நின்று, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன்.

"இன்னாங்க, திடீர்னு?"

"பச்சையப்பனுக்குக் கண்ணு தெரியுதுங்க பாய். என்னப் பாத்து கெழவனாயிட்டேன்னு சொல்றான்."

இல்லைங்க, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைங்க என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார்.